தம்பியின் கினி பிக்கும் பறந்துபோன கூரைகளும்

2011-ஆம் வருடம். தீபாவளி முடிந்து, பட்டாசுக் குப்பை தெரு ஓரங்களில் மழையில் ஊறிக் கிடந்த வாரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டுக்கு என் தம்பி ஒரு கினி பிக்கைக் கொண்டுவந்தான். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில், மடியில் ஒரு செருப்பு டப்பாவை வைத்துக்கொண்டு வந்திருந்தான். டப்பாவின் மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகள். திறந்து பார்த்தேன். பழுப்பும் வெள்ளையுமாக ஒரு உருண்டை, மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. வால் இல்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அலுமினிய வேலை தெரிந்தவன். ஜன்னல், கதவு, கடைகளுக்குக் கண்ணாடித் தடுப்பு எல்லாம் செய்வான். வளைகுடாவில் மூன்று வருடம் இருந்துவிட்டு அந்த ஆடி மாதம்தான் திரும்பியிருந்தான். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், “ஒண்ணும் இல்லக்கா, வேலதான்” என்பான். அதற்கு மேல் பேச்சு வராது.

வந்ததிலிருந்து அவனால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கூடத்திலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து வாசலுக்கும் நடப்பான். கேட்டின் கொக்கியை எடுத்துத் தெருவைப் பார்ப்பான், மறுபடி மாட்டுவான். டிவியைப் போட்டு உடனே நிறுத்துவான். நெல்லிக்குப்பத்தில் ஒரு பட்டறையில் என் கணவர் வேலை பிடித்துக் கொடுத்தார். சில நாள் போனான், பிறகு போகவில்லை. காரணம் சொல்லவில்லை. “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வரேன்” என்று கிளம்புவான். ஒருமுறை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். எதிலும் ஏறாமல், வருகிற பஸ்ஸின் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டு நின்றிருந்தான்.

அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது அவன் மட்டும்தான். என் பயம் ஒன்றே ஒன்று. ஒருநாள் அந்த பஸ் ஸ்டாண்டில் ஏதோ ஒன்றில் ஏறிவிடுவான். எங்கே இறங்குவது என்று அவனுக்கே தெரியாது. திரும்பி வரமாட்டான்.

சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். “நல்லா ரெஸ்ட் எடுக்கணும், மனச அலைய விடக் கூடாது” என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாம் முறை தனியாகப் போய்வந்த நாளில்தான் இந்த டப்பா. மீன் தொட்டி விற்கும் கடையில் ஒரு கம்பிக் கூண்டுக்குள் இது மட்டும் மிச்சம் இருந்ததாம். கடைக்காரர் தொட்டியைக் கழுவும்போது, “தம்பி, இத செத்த புடிங்க” என்று சும்மா நின்றவன் கையில் கொடுத்திருக்கிறார். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு அடங்கிவிட்டதாம். அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை என்றான். அவன் ஊர் திரும்பிய பிறகு என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

நான் ஒரு செய்தித்தாளின் உள்ளூர் அலுவலகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். ‘கூறப்படுகிறது’, ‘தெரியவருகிறது’ என்று முடியும் வாக்கியங்களை அடித்துவிட்டு, பார்த்தது என்ன என்று கேட்பது அந்த வேலை. அதனால் அந்தப் பிராணி வந்ததால் தம்பி குணமாகிவிட்டான் என்று எழுத மாட்டேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பார்த்தது இது. அன்றிலிருந்து அவன் அதற்கு வீடு கட்டத் தொடங்கினான்.

முதலில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. காலையில் பெட்டியில் வட்டமாக ஒரு ஓட்டை. பிராணி தையல் மிஷினுக்கு அடியில் இருந்தது. எதிர்வீட்டு டீச்சரம்மா, கோழியை மூடிவைக்கும் மூங்கில் பஞ்சாரத்தைக் கொடுத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. தெருவில் எது நடந்தாலும் அவருடைய வராண்டாவுக்குத் தெரியாமல் நடக்காது. “கினிப்பன்றி” என்று நான் சொன்னதும், “பன்னியா? வூட்டுக்குள்ளயா? ஆண்டவரே!” என்று கையைத் தலையில் வைத்தார். பார்த்த பிறகு, “எலிக்கு மாசமானா இப்படித்தான் இருக்கும்” என்றார். பஞ்சாரத்துக்குள் அது ஒரு நாள் இருந்தது. ஐப்பசித் தரை, ஜில்லென்ற சிமெண்ட். கால்களை உள்ளிழுத்துக்கொண்டு, மூங்கில் இடுக்கில் ஈரமாக மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தம்பி, தான் விட்டுவந்த நெல்லிக்குப்பம் பட்டறைக்கே போய், வெட்டி மீந்த அலுமினியத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தான். வளைகுடாவிலிருந்து வந்த பிறகு முதல்முறையாகத் தன் கருவிப் பையைப் பிரித்தான். கூடம் முழுக்க அலுமினியத் தூள். கடைக் கண்ணாடிக்கு வைப்பதுபோல இழுத்துத் திறக்கும் கதவு, நான்கு பக்கமும் வலை, கழிவு கீழே விழுந்துவிட வேண்டுமென்று தரைக்கும் வலை. பார்க்க அழகாக இருந்தது. உள்ளே விட்டதும் பிராணி நிற்க முடியாமல் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கியது. அவன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தரை வலையைப் பிரித்துவிட்டு ப்ளைவுட் பலகை போட்டான்.

மேலே விரிக்க உமி. என் கணவரின் உறவுக்காரர்களுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் ரைஸ் மில் இருந்தது. கணவருக்குச் சிதம்பரத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவார். ஒரு சாயங்காலம் அந்த பஸ்ஸில் உமி மூட்டையோடு வந்து இறங்கினார். சட்டையெல்லாம் உமி. “கண்டக்டரு இன்னா சார் இதுன்னு கேட்டாரு மச்சான். மாமனார் வூட்டு சீருன்னு சொல்லிட்டேன்” என்றார். ஆனால் உமி பிராணியின் ஈர மூக்கில் ஒட்டிக்கொண்டது. தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வந்தது. உமியைக் கொட்டிவிட்டு வைக்கோல் வாங்கி, கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டான்.

அடுத்தது எங்கே வைப்பது என்பது. அடுப்படியில் வைத்தால் கடுகு தாளிக்கும் நெடி. வராண்டாவில் வைத்தால் டீச்சரம்மா வீட்டுப் பூனை. கூடத்தில் வைத்தால் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் இதுவும் ‘க்வீக், க்வீக்’ என்று பதில் விசில் அடித்தது. எனக்குச் சாதத்துக்கு எத்தனை விசில் வந்தது என்ற கணக்கே தவறியது. கூண்டைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் வீடெல்லாம் அலைந்தான். கடைசியில் தன் பாய் விரிக்கும் ஜன்னல் ஓரத்திலேயே வைத்தான். அப்போதும் அது ஒரே மூலையில் விறைத்து நின்றது. உடைந்த மண்சட்டி ஒன்றை உள்ளே கவிழ்த்து, வாய்ப்பக்கம் நுழையும்படி வைத்தான். ஓடிப்போய் உள்ளே புகுந்தது. கொஞ்ச நேரத்தில் தலை வெளியே வந்தது. பிறகு பாதி உடம்பு. அன்று மாலை அவன் எதிரிலேயே நடமாடியது.

“ஒளியறதுக்கு ஒரு எடம் இருந்தாதான் வெளிய வருதுக்கா” என்றான்.

தினமும் காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போய் அருகம்புல் பறித்து வருவான். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் ஒருவர், “பிள்ளையாருக்கா தம்பி?” என்று கேட்டாராம். “இல்லிங்க, அவரு வாகனத்துக்கு” என்று சொன்னானாம். இதை அவனே வந்து எங்களிடம் சொன்னான். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் ஜோக்கடித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கணவர் அந்தப் பிராணிக்கு ‘முதலாளி’ என்று பெயர் வைத்தார். வந்ததும், “மச்சான், முதலாளி சாப்ட்டாரா? முதலாளி இன்னிக்கு ரூம விட்டு வெளிய வந்தாரா?” என்பார். ஒருநாள் தம்பி புல்லைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், “இந்த முதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கல மாமா” என்றான்.

அடுப்படியில் நின்றிருந்த எனக்கும் அது கேட்டது. அவன் புல்லை உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வளைகுடாவில் நடந்ததைப் பற்றி அவனிடமிருந்து நாங்கள் கேட்டது அந்த ஒரு வரிதான். அதுவே போதுமானதாக இருந்தது.

நடப்பது நின்றுவிட்டதா என்றால், இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் போனான். ஆனால் புல் போட வேண்டிய நேரத்துக்குத் திரும்பி வந்தான். எனக்கு அந்தக் குட்டிப் பிராணி மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. அதன் நாற்றமும் புழுக்கையும் பிடிக்காது. ஆனாலும் அது இருக்க வேண்டும் என்று எந்தக் கோயிலுக்குப் போனாலும் வேண்டிக்கொண்டேன். அது போய்விட்டால் இவனும் போய்விடுவான் என்று பட்டது.

டிசம்பர் கடைசியில் புயல் வந்தது.

கடலூர்க்காரர்களுக்குப் புயல் அறிவிப்பு புதிதில்லை. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் தம்பிகூட, “அங்க ஏத்துற கூண்டுக்கு முன்னாடி நம்ம கூண்ட எங்க ஏத்துறதுன்னு பாருக்கா” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் தெரு முழுக்க அந்தக் காரியம்தான் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஆபத்து என்றால் தண்ணீர். கடல் வந்ததைப் பார்த்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முந்தைய மழையில் கெடிலம் ஆறு பொங்கி, இந்தத் தெருவில் கட்டில் உயரம் தண்ணீர் நின்றது. அதனால் புயல் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் கை தானாக ஒரு வேலை செய்யும். மேலே ஏற்றும். அரிசி, துணி, சர்டிபிகேட், டிவி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் பரணுக்கும் பீரோ தலைக்கும் போகும். எதை முதலில், எதை எதன்மேல் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறை உண்டு.

எங்கள் வீட்டில் முன் இரண்டு அறைகள் தளம் போட்டவை. பின்னால் அடுப்படி மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முன்னறைகளின் பரண்கள் நிரம்பிவிட்டன. வீட்டிலேயே மிக உயரமான இடம் அடுப்படிப் பரண். டீச்சரம்மா தன் வராண்டாவில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கழற்றிக்கொண்டே குரல் கொடுத்தார். “உசுரு இருக்கறத மொதல்ல மேல ஏத்துங்க! போன தடவ என் கோழி ஒண்ணுகூட மிஞ்சல!”

தம்பி அந்தத் தண்ணீரைப் பார்க்காதவன்; அப்போது வெளிநாட்டில் இருந்தான். பார்த்தவர்கள் சொன்னதைச் செய்தான். கூண்டை அடுப்படிப் பரணில் ஏற்றி, நகராமல் செங்கல் முட்டுக்கொடுத்து, வைக்கோலை நிறையத் திணித்து, புல் வைத்தான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் சிதம்பரத்திலேயே மாட்டிக்கொண்டார். பஸ் நின்றுவிட்டது, போனில் “எல்லாத்தயும் மேல ஏத்திட்டீங்களா?” என்று கேட்டதோடு லைனும் போனது.

இரவு வெறும் சத்தம். விடிந்த பிறகுதான் நாங்கள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். மழை மேலிருந்து கீழே விழவில்லை, குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அதற்குள்ளே ஒரு தகரம், யாரோ தூக்கிப் போட்ட சீட்டுபோலத் தெருவைத் தாண்டிப் போனது. அப்போது அடுப்படியில் ஆணி பிடுங்கும் ஓசை. அதற்கு நடுவில் ‘க்வீக்’ என்று அந்த விசில்.

தம்பி எழுந்தான். நடு அறைக்கும் அடுப்படிக்கும் இடையே இருந்த கதவைத் தள்ளினான். மறுபக்கம் பத்து ஆள் நின்று அழுத்துவதுபோல அது அசையவில்லை. தோளைக் கொடுத்தான். நான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“போவாதடா! ஷீட்டு தல மேல வுழும்!”

“கத்துதுக்கா. கேக்குது பாரு.”

கேட்டது. பிறகு முதல் ஷீட் போன சத்தம். இரண்டாவது. பின்னால் ஏதோ மரம் முறிந்தது, சுவர் சரிந்தது. அதற்குப் பிறகு விசில் கேட்கவில்லை. கதவு அவன் தள்ளாமலே திறந்துகொண்டது. அடுப்படி இருந்த இடத்தில் வானம் இருந்தது.

காற்று ஓய்ந்ததும் வெளியே வந்தோம். எங்கள் பின்சுவர் தோட்டத்துப் பக்கம் விழுந்திருந்தது. முருங்கை மரம் அடியோடு சாய்ந்திருந்தது. வாசல் அளவுக்குக்கூட வெள்ளம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய செருப்பும் துடைப்பமும் காய்ந்தபடி அப்படியே இருந்தன. பாதித் தெருவில் இதே கதை. கீழே கவனிக்காமல் விட்டது பிழைத்திருந்தது. கூரைக்குக் கிட்ட ஏற்றியது எல்லாம் கூரையோடு போயிருந்தது.

கூண்டு முருங்கை மரத்துக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கம் நசுங்கி, இழுப்புக் கதவு பாதி திறந்திருந்தது. மண்சட்டி தூள். வைக்கோல் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. ரத்தம் இல்லை. அதை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

அவன் தேடத் தொடங்கினான். முதலில் எங்கள் தோட்டத்தில். விழுந்த ஷீட்டு ஒவ்வொன்றையும் தூக்கி, அடியில் பார்த்து, ஓரமாகச் சாய்த்து வைத்தான். எங்கள் தோட்டம் முடிந்ததும் அடுத்த வீட்டில் இறங்கினான். நான் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தேன். “ஊரே போயிருக்குதுடா. இப்பப் போய் எலியக் காணோம்னு நிப்பியா?” என்றேன்.

“நான் யாருகிட்டயும் சொல்லலக்கா” என்றான். குரல் தாழ்ந்திருந்தது. அவனுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. கேட்கத்தான் கூச்சம். தேடாமல் இருக்க முடியவில்லை.

எதிர்வீட்டில் கொல்லைப்புறத் தகரக் கொட்டகை மொத்தமும் படுத்துவிட்டது. அடியில் அம்மி, விறகு, தண்ணீர் டிரம். டீச்சரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தம்பி போய்த் தகரத்தைத் தூக்கினான், குனிந்து பார்த்தான், நகர்த்தினான். அடுத்ததைத் தூக்கினான். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் வீட்டில் ஷீட்டெல்லாம் உடைந்து கட்டிலின்மேல் கிடந்தது. அங்கும் போனான். எந்தத் துண்டை முதலில் எடுத்தால் மற்றது சரியாது என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. அடியில் ஏதோ சின்ன உயிர் இருக்கலாம் என்பதால் எதையும் வீசவில்லை. மெதுவாகத் தூக்கி, மெதுவாக வைத்தான். அந்த நிதானத்தில் பல வீடுகளில் பாத்திரமும் கண்ணாடியும் இன்னும் உடையாமல் தப்பின.

மறுநாளும் விடிந்ததும் போய்விட்டான். மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, போன் இல்லை. கணவர் என்ன ஆனார் என்று தெரியாது. எனக்கு இரண்டு பக்கமும் அலைமோதியது. வாசலுக்கு வந்து சாலையைப் பார்ப்பேன், கணவர் வருகிறாரா என்று. உள்ளே போய்த் தம்பியின் பெட்டியைப் பார்ப்பேன், இருக்கிறதா என்று. பழையபடி கொக்கியை எடுப்பதும் மாட்டுவதும் இப்போது நான்தான்.

தெருவில் போகும்போது பெண்கள் என்னை நிறுத்தினார்கள். “உன் தம்பி தங்கம்மா. பெத்த புள்ள செய்ய மாட்டான்.” “கூப்புடாம வந்து நிக்கிறான். தண்ணி குடுத்தா குடிக்கல. அடுத்த வூட்டுக்குப் போயிட்டான்.” அவன் எதைத் தேடுகிறான் என்று தெரு முழுக்க எனக்கு மட்டும் தெரியும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மதியம் கணவர் வந்து சேர்ந்தார். லாரியில் கொஞ்ச தூரம், விழுந்த மரங்களைத் தாண்டி நடந்து மிச்ச தூரம். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுப்படியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “முதலாளி?” என்றார். நான் கையை விரித்தேன். “மச்சான் இருக்கானா?” என்றார். தெருமுனையைக் காட்டினேன். சட்டையைக்கூட மாற்றாமல் அங்கே போனார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஷீட்டைத் தூக்குவது இங்கிருந்து தெரிந்தது.

அதற்கும் அடுத்த நாள் காலை. புது வருடம் பிறந்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் வீட்டுக் கூரைக்கு மறுபடி குழாய் நிறுத்தும் வேலையில் தம்பி இருந்தான். டீச்சரம்மா ஆலயத்துக்குப் போய்விட்டு வந்தவர், புடவையைக்கூட மாற்றாமல் கொல்லையில் துணி துவைக்கும் கல் பக்கம் போயிருக்கிறார். அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

“ஏ தம்பி! உன் ஆளு இங்க இருக்கான் பாரு!”

துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடுக்கு. அதற்குள் பழுப்பும் வெள்ளையும். தம்பி குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். தரையில் படுத்துக் கையை விட்டு எடுத்தான். எடை இல்லை, காது ஓரம் காய்ந்த புண், ஒரு கண் மூடியிருந்தது. மூக்கு ஆடியது.

டீச்சரம்மா அவனையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவில் எதுவும் அவருக்குத் தெரியாமல் நடக்காது என்றேன். இது மட்டும் அப்போதுதான் புரிந்தது.

“அடப்பாவி. இவனத் தேடித்தானா எங்க எல்லாரு வூட்டு ஷீட்டையும் தூக்கின?”

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அந்த இடத்திலிருந்து ஓடிவிடலாம்போல இருந்தது. இரண்டு நாளாகத் தங்கம் என்று சொன்ன வாய்களெல்லாம் அங்கேதான் நின்றிருந்தன. யாரோ ஒருத்தி, “எலிக்கா?” என்றாள்.

சைக்கிள் கடைக்காரர்தான் பேசினார். “எதுக்கா இருந்தா இன்னா? ஷீட்டத் தூக்கினானா இல்லியா?” என்றார். பிறகு, “இன்னும் ரெண்டு நாளு அது கெடைக்காம இருந்திருந்தா என் வூட்டுக்குப் புது ஷீட்டும் மாட்டிக் குடுத்திருப்பான். டீச்சரு, உங்களுக்கு இன்னா அவசரம்?” என்றார்.

முதலில் சிரித்தது டீச்சரம்மாதான். பிறகு எல்லாரும். புயலுக்குப் பிறகு அந்தத் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். கணவர் இரண்டு கையையும் குவித்துப் பிராணிக்கு ஒரு கும்பிடு போட்டு, “முதலாளி, ஹேப்பி நியூ இயர்” என்றார்.

நான் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேடியது கிடைத்துவிட்டது. இனி வீட்டுக்கு வந்து அறையைச் சாத்திக்கொள்வான், அல்லது இந்த அவமானத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் நேராக என்னிடம் வந்தான். பிராணியை என் இரண்டு கைக்குள்ளும் வைத்தான். அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. உள்ளங்கையில் அதன் நெஞ்சு துடிப்பது தெரிந்தது.

“அக்கா, எதுலயாவது உள்ள வுட்டு வையி. கண்ணத் துணியால தொடச்சு வுடு. அங்க பாதி வேலைல வுட்டுட்டு வந்துட்டேன்” என்றான். சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்குத் திரும்பி நடந்தான். தேடுகிற நடை இல்லை அது. வேலைக்குப் போகிறவனின் நடை.

வீடு கட்டுவது என் பங்குக்கு வந்தது. இடிபாட்டிலிருந்து ஒரு அண்டாவை இழுத்துப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். அலுவலகத்திலிருந்து வந்த பழைய பேப்பர்களைக் கிழித்துப் போட்டேன். வாயை அடைக்கச் சல்லடை. மூலையில் என் பழைய ரவிக்கைத் துணியைச் சுருட்டிக் குகைபோல வைத்தேன். புயல் காற்றில் இலையெல்லாம் கருகிப்போய், ஊரில் பச்சையே இல்லை. வீழ்ந்த முருங்கையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் கீரை வாடாமல் இருந்தது. அதை ஒவ்வொரு காம்பாக நீட்டினேன். மூன்றாவது காம்பைத் தின்றது.

அதன்பின் பல மாதம் தம்பிக்குக் கடலூரில் வேலை ஓயவில்லை. தெருவில் தொடங்கி அக்கம்பக்கம் எல்லாம் கூரை போடக் கூப்பிட்டார்கள். பிறகு சிதம்பரத்தில் சின்னதாக ஒரு பட்டறை போட்டான். பிராணியையும் அங்கே கொண்டுபோனான். அது இன்னும் சில வருடம் இருந்தது. அவன் இன்றும் ஓர் இடத்தில் உட்காருகிறவன் இல்லை. போனில் பேசும்போதுகூட நடந்துகொண்டே பேசுவது காலடிச் சத்தத்தில் தெரியும். எனக்கு அதில் இப்போது பயம் இல்லை. மாதக்கணக்காக நாங்கள் எல்லாரும் அவனை எப்படியாவது உட்காரவைக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று முதல், நிலைகொள்ளாமல் நடக்கிற யாரைப் பார்த்தாலும் ‘கொஞ்சம் உட்காரேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, ‘எதைத் தேடுறே, நானும் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா’ என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.